பட்டை நேரானா போதும்

— இது பிக்கப்பா, இல்ல வீரபாண்டித் திருவிழாவுக்குக் கெளம்புன சப்பரமா? அந்தப் போன இங்கன குடு ஆத்தா, நல்லாப் பாப்போம். ஆண்டவரே! முன்னாடி இரும்புக் கார்டு, மேல கேரியரு, பின்னாடி ஏணி, லைட்டு மட்டும் பதினாலு. ஒரு கட்டிலும் ஃபேனும் மட்டும் விட்டுப்போச்சே, அதையும் மாட்டிட்டா குடித்தனமே பண்ணலாம்.

— அதக் கேக்கத்தாண்ணே வந்தேன். எந் தம்பி ரஃபி இத மாதிரி ஒண்ணு வாங்கப் போறேண்டு ஒத்தக் கால்ல நிக்கிறான். இம்புட்டு சாமானையும் மாட்டுனா வண்டி எம்புட்டு லோடு தாங்குமுண்டு வெவரம் தெரிஞ்சவகள்ட்டக் கேட்டுட்டு வாங்குடாண்டு சொன்னேன். தேனியில பட்டைண்டா செல்வின் அண்ணன் பட்டறைக்குத்தான் போகணுமுண்டு எல்லாரும் சொன்னாக.

— சரியாத்தான் சொல்லியிருக்காக. லாரி, பிக்கப்பு, ஜீப்பு, எதுவா இருந்தாலும் பின்சக்கரத்து மேல வண்டியத் தாங்குற வில்லுப் பட்டை முப்பது வருசமா இந்தக் கையிதான். நம்ம போட்ட பட்டைன்னா ஓரத்துல ஒரு சிலுவையும் எஸ்ஸும் பஞ்ச் அடிச்சிருக்கும். கேரண்டி. மத்தவன் மாதிரி போட்டுட்டு, நான் போடலைன்னு ஓடுற சோலி நம்மகிட்ட இல்ல. ஒம் பேரென்ன?

— ரஃபியா. உத்தமபாளையம்.

— உத்தமபாளையத்துல இருந்தா ஆட்டோவுல வந்தே? பஸ்ஸெல்லாம் நின்னுபோச்சா? வாசல அடைச்சு நிக்குது பாரு, கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லு. உள்ள வேற யாரோ உக்காந்திருக்கு.

— எங்க வீட்டு ஆளுதாண்ணே. காலுக்கு முடியாது, எறங்க மாட்டாக. கோவிச்சுக்கிறாதீக, பத்து நிமிசம். அப்புறம், அந்த உலைக்கு ஊதுற மெசினக் கொஞ்சம் நிறுத்துங்களேன். நீங்க சொல்றது ஒண்ணும் காதுல விழ மாட்டேங்குது.

— காது மந்தமா ஒனக்கு? இந்தா, நிறுத்தியாச்சு. இப்பக் கேட்டுக்க. ஒந் தம்பியோட ஆர்.சி. புக்க எடுத்து வாசிக்கச் சொல்லு. லைட்டு எந்தக் கடையில வாங்கணும்னு தெரியிற பயகளுக்கு இத வாசிக்கத் தெரியாது. அதுல ரெண்டு எடை போட்டிருக்கும். காலி வண்டி ஆயிரத்து எழுநூறு கிலோன்னு வையி. எல்லாஞ் சேத்து மூவாயிரம். மூவாயிரத்துக்கு மேல ஒரு கிலோ இருந்தாலும் ரோட்டுல உருளக் கூடாது. அப்ப எம்புட்டு ஏத்தலாம்?

— ஆயிரத்து முந்நூறு.

— பாத்தியா, எல்லாக் கூமுட்டையும் இதத்தான் சொல்லுது. காலி வண்டின்னா கம்பெனியில இருந்து வந்த அன்னைக்குக் காலி. இந்தச் சப்பரத்துல காலி எங்கன இருக்கு? கூட்டு. கார்டு அறுபது கிலோ. கேரியரு எழுவது. பக்கத் தகரத்த ரெண்டடிக்கு ஒசத்தி இரும்பு அடிச்சிருக்கான் பாரு, அது நூத்தி இருவது. ஏணி, டூல் பெட்டி, ரெண்டாவது ஸ்டெப்னி, பாட்டுப் பெட்டி, எல்லாம் சேந்து ஒரு தொண்ணூறு.

— முந்நூத்தி நாப்பது.

— ஓட்டுறவன் ஒருத்தன், லோடுமேன் ஒருத்தன். அவங்கென்ன காத்துலயா மெதப்பாங்க? ரெண்டு பேரும் நூத்தி நாப்பது.

— அப்ப மிச்சம் எண்ணூத்தி இருவதுதான் ஏத்தலாம்.

— பரவால்லையே, ஒனக்கு வருது. ஓனருமாருக்கு வராது. இரும்புக் கடையவே தூக்கி வண்டியில மாட்டிட்டு, புக்குல ஆயிரத்து முந்நூறு இருக்குல்ல, ஏத்து ஏத்துங்கிறான். புக்கா மலையேறுது? மாட்டுனது பூராம் லோடுதான்டான்னா, அது அழகுக்குங்கிறான். அழகுக்குன்னா எடை இருக்காதா? இவன் பொண்டாட்டி கழுத்துல அழகுக்கு அம்மிக்கல்லக் கட்டித் தொங்கவிடுவானா?

— கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கண்ணே.

— இன்னுஞ் சத்தமாவா? பழனிசெட்டிபட்டி வரைக்கும் கேக்கணுமா? சரி. இம்புட்டையும் மாட்டுனா வண்டி என்ன செய்யும்? பின்னாடி தொங்கும். தொங்குனா வீடியோவுல அசிங்கமா இருக்குமாம். ஒடனே எங்கிட்ட வந்து நிப்பான். 'அண்ணே, பட்டையக் கனமாப் போடுங்க, வண்டி கெத்தா நிக்கணும்.' கெத்து! டீசலு கடனுக்கு, டயரு வழுக்கை, இதுல கெத்து.

— பட்டையக் கனமாப் போட்டா லோடும் கூடுதலா ஏத்திக்கலாம்லண்ணே?

— கேப்பே, நீயும் கேப்பேனு தெரியும். பட்டை தாங்கும்மா. கீழ கெடக்குற ஆக்சிலு? கம்பெனி போட்ட அதே ஆக்சிலு. டயரு அதே டயரு. பிரேக்கு அதே பிரேக்கு. இதுல எது நோஞ்சானோ அதுதான் வண்டியோட அளவு. பட்டைய மட்டும் மாத்திட்டு ரெண்டு டன் ஏத்துறவன், புதுச் செருப்பு வாங்கிட்டேன், இனிமே ரெண்டு மூட்டையாத் தூக்குவேங்கிறவன்.

— அப்ப, வண்டியில எம்புட்டு ஏறியிருக்குண்டு டிரைவருமாருக்கு எப்படித் தெரியும்? மலை மேல எடைமேடை ஏது?

— அதுக்குத்தான் பட்டை. தெரிஞ்ச டிரைவரு வண்டிக்குப் பின்னாடி போயிக் குத்தவச்சு உக்காந்து பட்டையப் பாப்பான். காலியா இருக்கப்ப அது வளைஞ்சு நிக்கும். லோடு ஏற ஏற வளைவு கொறையும். கோடு போட்ட மாதிரி நேரா வந்துருச்சுன்னா, போதும்டா, நிறுத்துடானு எந்திரிச்சிருவான். புக்கு பொய் சொல்லும், ஓனரு பொய் சொல்லுவான், பட்டை சொல்லாது. மாட்டியிருக்க இரும்பையும் சேத்துத்தான அது சொமக்குது? அதுக்குத் தெரியும்ல?

— பதினோரு வருசமா அப்படிப் பாத்தே லோடு ஏத்துனவக ஒருத்தர எனக்குத் தெரியும்.

— இருப்பான் ஒருத்தன், ரெண்டு பேரு. மிச்சமெல்லாம் குனிஞ்சு பீடியத் தேடிட்டு, பட்டையப் பாத்தேன்னு சொல்ற கூட்டம். நாலு மாசத்துக்கு முன்ன மேகமலை ரோட்டுல ஒருத்தன் வண்டியக் கவுத்தானே, கேள்விப்பட்டியா?

— கேள்விப்பட்டேன்.

— லோடு சில்வர் ஓக் மரத்தடி. அதுவும் பச்சை மரம். மேல இருந்து ஏத்திக்கிட்டு எறங்குறான். ஒரு கொண்டை ஊசி, ரெண்டு, மூணு, பிரேக்கு பழுத்துப்போச்சு. அமுக்குறான், காலு உள்ள போகுது, வண்டி நிக்கல. கூட இருந்த லோடுமேன் அங்கனயே முடிஞ்சான். போலீசு தடிய எடுத்து எடை போட்டா ஆயிரத்து ஐநூறு கிலோ! அதுலயும் இப்படித்தான் கார்டு, கேரியரு எல்லாம் இருந்துச்சாம். எண்ணூறு ஏத்த வேண்டிய வண்டியில ஆயிரத்து ஐநூறு ஏத்திருக்கான். அந்த டிரைவருக்குக் கண்ணு என்ன பொடதியிலயா இருந்துச்சு?

— பட்டையப் பாத்துத்தான் ஏத்துனேண்டு சொன்னாகளாம். நேரா வந்ததும் நிறுத்திட்டேண்டு.

— சொல்லுவான், சொல்லுவான். நேரா வந்துச்சாம்ல! அது நேரா வந்து, அங்கிட்டு மடங்கி, கண்ணீரு விட்டு அழுதிருக்கும். இவன் போதையில வானத்தப் பாத்துட்டு நின்னிருப்பான்.

— அவுக குடிக்க மாட்டாக.

— ஒனக்கு எப்படித் தெரியும்?

— ஊர்ல சொன்னாக.

— ஊரு சொல்லும். செத்தது அடுத்தவன்தானே. இந்த மாதிரி ஆளுக லைசென்சையெல்லாம் புடுங்கி உலையில போடணும். எழுதி வச்சுக்க, ஒரு உசுரப் பறிச்சவன் அவன். வேற யாரு?

— அண்ணே, ஒரு சாமான் கொண்டாந்திருக்கேன். இந்தா, இந்தச் சாக்குல. ஒரு கை குடுங்க, தூக்க முடியல. இத எந் தம்பி வண்டிக்குப் போடலாமாண்டு பாத்துச் சொல்லுங்க.

— என்னத்த கட்டித் தூக்கிட்டு வந்திருக்கே? யப்பா! பட்டை செட்டு. எங்கன புடிச்சே இத?

— சின்னமனூருல ஒரு பழைய இரும்புக் கடையில. மூணு தடவை போனேன். பொம்பளைக்கு எதுக்கும்மா பட்டைண்டு சிரிச்சான். நாலாவது தடவை சிரிக்கல, குடுத்துட்டான்.

— சிரிக்கத்தானே செய்வான். சேறும் துருவுமா இருக்கு. சரி, பிக்கப்போடதுதான், நீளம் சரி. அஞ்சு பட்டை. கம்பெனியும் அஞ்சுதான் குடுப்பான். போடலாம்... இரு. இரு, இரு. அந்த அளவுக் கருவிய எடு, ஒம் பக்கத்துல கெடக்கு பாரு. கம்பெனிப் பட்டை எட்டு எம்.எம். இது... பத்து. இது பத்து. அஞ்சும் பத்து! எவனோ பெரிய வண்டியோட பழைய பட்டைய வெட்டி வளைச்சு, கருப்புப் பெயின்ட அடிச்சு மாட்டியிருக்கான். திருட்டு வேலை.

— ரெண்டு எம்.எம். தானேண்ணே. ரெண்டு அரிசிக் கனம். அதுல என்ன வந்துரும்?

— அரிசிக் கனமா? நல்லாக் கேட்ட போ. கனத்துல ரெண்டு கூடுனா வெறைப்பு ரெண்டு மடங்கு ஆகும். எண்ணூறு கிலோவுல நேரா வர்ற பட்டை, இதப் போட்டா ஆயிரத்து ஐநூறு ஏத்துனாத்தான் நேரா வரும்.

— எம்புட்டு ஏத்துனா?

— ஆயிரத்து ஐநூறு! சத்தமாத்தானே சொல்றேன்.

— வெளிய இருந்து குத்தவச்சுப் பாத்தா இந்த வித்தியாசம் தெரியுமாண்ணே?

— எப்படித் தெரியும்? எண்ணுனா அதே அஞ்சு. வளைவு அதே வளைவு. ரெண்டு நாள் மலை ரோட்டுல ஓடிச் சேறு அப்பிருச்சுன்னா, நானே அளவு எடுத்தாத்தான் சொல்லுவேன். நீ பாத்தேல்ல, இப்ப நானே போடலாம்னுதானே சொன்னேன்?

— அப்ப, பட்டையப் பாத்து லோடு ஏத்துற டிரைவரு?

— கெட்டான். அவனுக்கு இருக்கது அந்த ஒரு தராசுதான். அந்தத் தராசையே இவன் மாத்தி வச்சிட்டான். அவன் பாட்டுக்கு நேரா வரட்டும், நேரா வரட்டும்னு ஏத்திக்கிட்டே இருப்பான்.

— ஓட்டுறப்பவாச்சும் தெரியாதாண்ணே?

— தெரியும். வெறைப்பா இருக்கும், குலுக்கும். வந்து கேப்பான். பட்டறைக்காரன் என்ன சொல்லியிருப்பான், 'புதுப்பட்டை, ஒரு மாசம் குலுக்கும், அப்புறம் அமுங்கிரும்'னு சொல்லியிருப்பான்.

— அப்படியேதான் சொன்னாகளாம்.

— சொல்லுவான், அயோக்கியன். ஓட்டுறவனுக்குத் தெரியாம இத மாட்டுறவன் மனுசனா? சோத்தத்தான் திங்கிறானா? டிரைவரு ஏமாந்தவன்னா என்ன வேணா செய்யலாமா? எந்தப் பட்டறைன்னு சொல்லு, கம்பத்துல ஒருத்தன் இருக்கான், இந்த மாதிரி வேலைக்குன்னே கடை போட்டிருக்கான்.

— கம்பம் இல்லண்ணே. இந்தாங்க துணி. மேல் பட்டை ஓரத்துல சேத்தத் தொடைங்க. நான் பாதி தொடச்சிட்டேன், மீதிய நீங்க தொடைங்க.

— தொடச்சா என்ன, அவன் வீட்டு விலாசமா இருக்கப்போகுது?

— தொடைங்களேன்.

— இரு, சேறு காஞ்சு கெடக்கு... இந்தா, வந்துருச்சு.

— என்னண்ணே இருக்கு?

— சிலுவை.

— அப்புறம்?

— எஸ்ஸு.

— சத்தமாச் சொல்லுங்க.

— எஸ்ஸு! நம்ம பஞ்சுதான். அதுக்கென்ன இப்ப? மாசத்துக்கு முப்பது நாப்பது வண்டி வந்து போகுது, எல்லாத்தையும் ஞாவகம் வச்சுக்கிட்டா இருக்க முடியும்? யாரு வண்டி இது?

— சூரியபிரகாஷ் வண்டி. போன்ல பாத்துட்டுச் சப்பரமுண்டு சொன்னீகளே, அது அந்த மகராசன் புதுசா வாங்கி அலங்காரம் பண்ணியிருக்கது. பழைய வண்டியோட பட்டைதான் இது. மேகமலையில கவுந்து, பழைய இரும்புக்குப் போட்ட வண்டி.

— அது... அது சூரியபிரகாஷ் வண்டியா? பேப்பர்ல ஓனர் பேரப் போடலையேம்மா.

— ஓனரு பேர எந்தக் காலத்துல போட்டாக? டிரைவரு பேரத்தான் கொட்டை எழுத்துல போட்டாக. சேக் பரீத்துண்டு.

— இரு. தம்பிக்கு வண்டின்னு வந்தே. நீ யாரு?

— சேக் பரீத் பொண்டாட்டி.

— ஏசப்பா.

— அவர அப்புறமாக் கூப்பிடுங்க. மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க. ஒரு பட்டை ஒடஞ்சிருச்சுண்டு எங்க வீட்டுக்காரக வண்டிய இங்கன விட்டுட்டு டீ குடிச்சிட்டு வாரேண்டு போனாக. வந்து பாத்தா அஞ்சையும் மாத்தி, பெயின்ட் அடிச்சு, மாட்டி வச்சிருந்தீக. ஏண்ணே அவுகள்ட்டச் சொல்லல?

— நானாவா செஞ்சேன்? ஓனரு போன் போட்டான். கனமாப் போடுன்னான். போட்டேன். கேக்குறவனுக்குப் போட்டுக் குடுக்குறதுதாம்மா தொழிலு. நான் போடலைன்னா எதுத்த பட்டறையில போடுவான்.

— இம்புட்டு நேரம் அவன மனுசனாண்டு கேட்டீகளே, அந்தப் பட்டறைக்காரன.

— அந்தச் சாக்க மொதல்ல மூடு, எவனாவது பாத்துரப் போறான்.

— எண்ணிக்கை ஏன் அஞ்சே வச்சீக? கனமா வேணுமுண்டா, கூட ரெண்டு பட்டை சொருகி ஏழாக்கியிருக்கலாம்ல? கழட்டி, வெட்டி, வளைச்சு, எம்புட்டு வேலை. யாருக்காக அந்த வேலை?

— விடும்மா. முடிஞ்சது முடிஞ்சுபோச்சு.

— யாருக்கு முடிஞ்சது? செத்த லோடுமேன் அஜய்குமாரோட அம்மா, ஜோதிலட்சுமி அக்கா, எங்க வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்துனாக. எங்க வீட்டுக்காரக ஒத்தக் கால்ல தத்தித் தத்தி வெளிய போயி, 'தூத்துங்கக்கா, எந் தலையில தூத்துங்க'ண்டு நின்னாக. அன்னைக்கோட அவுக பேச்சு நின்னுபோச்சு. பிள்ளைகள்ட்டக்கூடப் பேச்சில்ல. எப்பவாச்சும் வாயத் தொறந்தா ஒண்ணேதான். 'எங் கண்ணே எனக்குப் பொய் சொல்லிருச்சு ரஃபியா.' போன வாரம் கெணத்துக்குப் போற வழிய வெறிச்சுப் பாத்துட்டே உக்காந்திருந்தாக. நான் கயித்தக் கழட்டி ஒளிச்சு வச்சேன். வாளிக் கயித்த மட்டும் இல்ல, வீட்டுல இருந்த அம்புட்டுக் கயித்தையும்.

— ஏம்மா, எனக்குத் தெரிஞ்சா...

— ஓனரு என்ன செஞ்சாருண்டு தெரியுமா? அஜய்குமாருக்கு ஃபிளெக்ஸ் வச்சாரு. பக்கத்துல கும்பிட்டுக்கிட்டு நிக்கிற மாதிரி தன்னோட படம், ரெண்டு மடங்கு பெருசா. அதுக்கு மறு மாசம் புது வண்டி, பதினாலு லைட்டு. கோர்ட்டுல டிரைவரு தன் இஷ்டத்துக்கு ஏத்திட்டாருண்டு எழுதிக் குடுத்திருக்காரு.

— கேசு போடப் போறியா எம்மேல? பட்டையத் தூக்கிட்டுப் போலீசுக்குப் போகப்போறியா?

— அத அப்புறம் பாப்போம். போலீசு கேக்குறதுக்கு முன்னால கேக்க வேண்டியவக இருக்காக. யாரு சொன்னது, என்ன போட்டீக, ஏன் அஞ்சே வச்சீக, ஏன் சொல்லல. ஒளிக்காமச் சொல்லுங்க. வாசல் வரைக்கும் கேக்கணும்.

— எதுக்கு ஊரக் கூட்டுறே?

— இம்புட்டு நேரம் டிரைவர வைஞ்சப்ப ஊரு கேக்கலையா? அந்தச் சத்தம் இப்ப எங்க போச்சு?

— சொல்றேன். சூரியபிரகாஷ்தான் சொன்னான். பின்னாடி தொங்குது, கனமாப் போடுன்னான். அந்தாளு தினம் பட்டையப் பாத்துட்டுப் பாதி லோட எறக்கிடுறான், அவன் கண்ணுக்குத் தெரியாமப் போடுன்னான். கூடச் சொருகுனா எண்ணிப் பாப்பான்னுதான் அஞ்சே வச்சேன். எட்டு எம்.எம். பட்டையக் கழட்டிட்டுப் பத்து எம்.எம். போட்டேன். மறுநாளு வந்து குலுக்குதுண்ணேன்னான். புதுப்பட்டைனு பொய் சொன்னேன். போதுமா? கேட்டுருச்சா?

— இன்னொண்ணு பாக்கி. அந்த டிரைவருக்குக் கண்ணு பொடதியிலயா இருந்துச்சு?

— இல்லம்மா. கண்ணு இருக்க வேண்டிய எடத்துலதான் இருந்துச்சு. நல்லாத்தான் பாத்திருக்கான். பட்டையத்தான் நான் மாத்திட்டேன்... நீ எதுக்கு வாசலப் பாக்குறே? அந்த ஆட்டோவுக்குள்ள யாரு விசும்புறது? ஏம்மா, யாரு அது?

— ரஃபியா... அப்ப எங் கண்ணு பொய் சொல்லலையா?